கடைசித் துண்டின் எஞ்சியல்: ஒற்றசேகரமங்கலத்தை எல்லையாகக் கொண்ட ஓர் ஆய்வு

பாயிரம் இல்லாத நூல் எத்தனை விரிந்தாலும் நூல் ஆகாது என்பது இலக்கண நூலார் துணிபு. சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வேண்டும் என்கிறது நன்னூல். காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாக்குவாரும் உண்டு என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டாவதாகப் பக்க எண்ணிக்கையைச் சேர்த்தது இன்றைய பல்கலைக்கழகங்களின் பங்களிப்பு. அம்முறைப்படி, ஆக்கியோன் பெயர் மறைக்கப்படுகிறது, உணவுக்குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால். முதல்நூல் கிடையாது, ஆகவே வழியும் கிடையாது. கேட்போர், பில் வருவதற்காகக் காத்திருப்போர். பயன், யுஜிசி 2010-ஆம் ஆண்டு விதிகளில் ஏபிஐ என்று புகுத்திய வகையிலான ஆசிரியர் மதிப்பீட்டுப் புள்ளி. காரணமும் அதுவே.

எல்லைக்கு மட்டும் சற்று விரிவான விளக்கம் தேவை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் காட்டினார். அவ்வளவு பரந்த எல்லையை இன்று எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார். 'தலைப்பைச் சுருக்குங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். எனவே இவ்வாய்வின் எல்லை ஒற்றசேகரமங்கலம்: கேரளத்தின் பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கிய, தமிழும் மலையாளமும் ஒரே சாயாக்கடையில் கடன் சொல்லும் எல்லைப்புறத்து ஊர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. இவ்வூர் அடங்கியிருந்த நெய்யாற்றின்கரை வட்டமும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. வட்டங்களைப் பங்கிடும்போது ஏதேனும் ஒன்று எஞ்சியே தீரும் என்பதற்கு வரலாறு தரும் சான்று இது. இந்த மண்ணை ஆய்வுக்களமாகத் தேர்ந்தது தற்செயல் அன்று என்பதை நுண்ணறிவாளர் இந்நேரம் உணர்ந்திருப்பர். பிறருக்குப் பின்னால் விளக்கப்படும்.

நுதலிய பொருள் வருமாறு. திருவனந்தபுரத்தில் 'ஈட் அட் டிரிவாண்ட்ரம்', கொச்சியில் 'ஈட் கொச்சி ஈட்', சென்னையில் 'சென்னை ஃபுட் கைடு' என்று நகரந்தோறும் முகநூல் உணவுக்குழுக்கள் தோன்றின. அவற்றைப் பார்த்து ஊர்தோறும் வாட்ஸ்அப் குழுக்கள் தோன்றின. இக்குழுக்களின் இயல்பு, ஒருவரையொருவர் காணாமலே உணவு பற்றிச் சண்டையிடுவது. அவியலில் தயிர் ஊற்றலாமா, மரச்சீனிக்குச் சாளையா நெத்தோலியா, போளியைப் பால்பாயசத்தில் பிசைவதா தொட்டுக்கொள்வதா என்ற வினாக்களில் சுற்றமும் நட்பும் சிதைந்த பின், 'நேரில் ஒருநாள் கூடலாமே' என்று யாரோ ஒருவர் முன்மொழிவார். கூடுவார்கள். கூடி, அவியலையோ மரச்சீனியையோ உண்ணாமல், பீட்சாவை வரவழைப்பார்கள். ஏன்? இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே: நேரில் கூடும் உணவுக்குழு பீட்சாவைத் தேர்வது அதை உண்பதற்காக அன்று, அதன் கடைசித் துண்டை உண்ணாமல் விடுவதற்காக. எழுத்தில் ஒருநாளும் காட்டாத நாகரிகத்தை எதிரில் இருப்பவர் கண் முன்னே காட்ட ஒரு பொருள் தேவைப்படுகிறது. அப்பொருள் முக்கோணமாக இருக்கிறது.

குழு உறுப்பினரை முதலில் வகைப்படுத்த வேண்டும், வகைப்படுத்தாத ஆய்வை யாரும் ஆய்வென்று மதிப்பதில்லை. படம் எடுப்போர்: இவர்கள் முடிக்கும் வரை பிறர் உண்ணலாகாது. விலை கேட்போர்: இவர்கள் விலை கேட்டபின் பிறருக்கு உண்ணத் தோன்றாது. 'எங்கள் வீட்டில் இதைவிட நன்றாக' என்போர்: இவர்கள் வீட்டுக்கு யாரும் அழைக்கப்பட்டதில்லை. அட்மின்: இவரே அட்மின். மௌனிகள்: இவர்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை, இவர்களும் எதையும் எழுதியதில்லை. இவ்வைவகையும் மேசையில் அமர்ந்ததும் ஒருவகையாகி விடுகின்றன என்பதே நேர்கூடலின் வியப்பு. தயிர்க் கட்சியின் தளபதி, புளிக் கட்சியின் தளபதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார். இந்த மாற்றத்துக்கு உரிய காரணம் மேசைமேல் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மேசைக்கு அடியில் தேடியவர் எதையும் கண்டிலர்.

பிற உணவுகளுக்கு இத்தகுதி இல்லை என்பதை நிறுவினால் கருதுகோள் பாதி நின்றுவிடும். சத்யையில் ஆளுக்கோர் இலை. இலையின் விளிம்பே எல்லை. புட்டு ஆளுக்கொரு குற்றி. பிரியாணி ஆளுக்கொரு தட்டு. பொரோட்டா மேசைக்கு நடுவில் அடுக்காக வந்தாலும் எண்ணிக் கணக்கெழுதப்படுவது. யார் எத்தனை தின்றார் என்பதைச் சப்ளையர் மனத்தில் குறித்துக்கொண்டே போவார். திருவனந்தபுரத்துப் போளி வட்டமானது, மஞ்சளானது, மெல்லியது. தோற்றத்தில் பீட்சாவின் பங்காளி என்றே சொல்லலாம். ஆனால் அதை யாரும் வெட்டிப் பங்கிடுவதில்லை, முழுதாக ஒருவர் இலையில் விழுகிறது. இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும்: மரச்சீனிப் புழுக்கு ஒரே சட்டியில் வந்து எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லையா? இருக்கிறது. ஆனால் அதற்குத் துண்டெண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததற்குக் கடைசி இல்லை. சட்டியைச் சுரண்டுபவரை யாரும் கடைசித் துண்டை எடுத்தவர் என்று குற்றம் சாட்ட முடியாது. பொதுவுடைமையாக வந்து, எண்ணத்தக்க பகுதிகளாகப் பிரிந்து, யாருடையது என்று தீராமல் முடியும் உணவு பீட்சா ஒன்றே. கேக் என்பார் உளர். கேக்கை வெட்டியவர் ஊட்டியும் விடுகிறார். அங்கே உரிமைச் சிக்கல் எழுவதில்லை.

பீட்சாவுக்கு வரையறை தருவது எளிது. அதை ஐரோப்பிய ஒன்றியமே தந்துவிட்டது. 2010-இல் அது வெளியிட்ட விதி, நேப்பிள்ஸ் மரபுப் பீட்சாவின் விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது, நடுப்பகுதியின் தடிமன் 0.4 சென்டிமீட்டர், விளிம்பின் உயரம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் என்று வகுக்கிறது. மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகச் சொல்லி நிறுத்திய நம் முன்னோர் எவ்வளவு பெருந்தன்மையானவர்கள் என்பது இதைப் படித்தால் விளங்கும். 1889-இல் ரஃபாயேலே எஸ்போசிட்டோ என்பவர் இத்தாலிய அரசி மார்கெரிட்டாவுக்காகச் சமைத்ததால் அப்பெயர் வந்தது என்ற கதையும், அக்கதையை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உண்டு. 2017-இல் யுனெஸ்கோ, நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கைத்திறனை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. இத்தனையிலும் கடைசித் துண்டு பற்றி ஒரு சொல் இல்லை. விளிம்பின் உயரத்தை அளந்தவர்கள் விளிம்பில் தயங்கி நிற்கும் விரலை அளக்கவில்லை. அறிவுலகின் இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது; எல்லா ஆய்வேடுகளும் முதல் இயலில் இப்படித்தான் சொல்லும்.

கணித நூலார் நமக்கு முன்பே இத்துறையில் இறங்கிவிட்டனர். வட்டத்துக்குள் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, அதன் வழியே சம கோணத்தில் நான்கு வெட்டுப் போட்டு, எட்டுத் துண்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இருவர் எடுத்தால், இருவருக்கும் சமமான பரப்புக் கிடைக்கும். பீட்சாத் தேற்றம் என்றே இதற்குப் பெயர். 1967-இல் அப்டன் என்பவர் புதிராக விடுத்தது, 1994-இல் கார்ட்டர், வாகன் இருவரும் துண்டுகளை வெட்டி இடம் மாற்றிப் பொருத்திக் காட்டியே நிறுவியது. வெட்டுகளின் எண்ணிக்கை ஒற்றையானால் யாருக்கு அதிகம் போகும் என்ற வினா 2009 வரை இழுத்தது. மேப்ரி, டைர்மன் என்னும் இரு கணித அறிஞர்கள் அதைத் தீர்த்தனர். பாராட்டத்தக்க உழைப்பு. ஆயினும் இத்தேற்றத்தின் அடிப்படைப் பிழை, உண்போர் எடுக்க விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டதுதான். ஒருவரும் எடுக்காத துண்டின் பரப்பை எவர் கணக்கில் சேர்ப்பது? எழுவர் கூடினால் எட்டில் ஒன்று மிஞ்சும் என்பதைக் கணக்கு அறியாதாரும் அறிவர். எண்மர் கூடினால் மிஞ்சாதே என்பது மறுப்பு. எண்மரில் ஒருவர் டயட்டில் இருப்பார். ஒன்பதின்மர் கூடினால் துண்டு போதாதே என்பது அடுத்த மறுப்பு. அப்போது இரண்டு பீட்சா வரும். பதினாறில் ஏழு உபரியாகி, அவற்றுள் ஆறு பேச்சுவாக்கில் மறையும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை ஒன்று என்று வருவதால் இதைக் கணிதத்தில் சேர்ப்பதா சமயத்தில் சேர்ப்பதா என்பது தனி ஆய்வுக்குரியது.

மேற்கோள் இல்லாத ஆய்வு உப்பில்லாக் கஞ்சி என்பதால், சான்றோர் கருத்துகளை இனித் தொகுப்போம். கடைசித் துண்டு மரியாதையால் எஞ்சுகிறது என்பர் ஒரு சாரார். அச்சத்தால் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் மறுத்த மூன்றாம் சாரார், முதலிருவரும் ஒரே சாரார்தாம், இடையில் மின்விசிறிக்கு நேராக இடம் மாறி உட்கார்ந்ததால் இருவராகத் தோன்றினர் என்பர். மூன்றாம் சாராரின் மாணாக்கர் ஒருவருடைய மைத்துனர், ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்கும் மோருக்கும் இடையே வாய்மொழியாக வெளியிட்டு, கை கழுவும் இடத்தில் திருத்திய இரண்டாம் பதிப்பாகவும் வெளியிட்ட கொள்கை, எஞ்சுவது துண்டன்று, அதை விரும்பியவரே என்பதாம். இதற்கு மூலமாகக் காட்டப்படுவது பேக்கரி மேசைத்தாளில் எழுதப்பட்டு, தக்காளி சாஸ் பட்டதால் இரண்டாம் அடி அழிந்துபோன ஒரு நூற்பா. அழிந்த அடியில் 'எடுக்க' என்று இருந்திருக்கும் என்பது வடபாடம், 'விடுக்க' என்று இருந்திருக்கும் என்பது தென்பாடம், அது நூற்பாவே அன்று, ஆர்டர் எழுதிய தாள் என்பது சப்ளையர் பாடம். சங்கம் மூன்று என்றும் அவை முறையே 4,440, 3,700, 1,850 ஆண்டுகள் நடந்தன என்றும் இறையனார் களவியலுரை கணக்குத் தரும்போது, சாஸ் கொண்ட ஒரு நூலை நாம் ஏற்பதில் பெரும் பாவம் ஏதுமில்லை. கிடைக்கும் நூலை எவனும் எடுத்துப் பார்த்து மறுத்துவிடலாம். கிடைக்காத நூலே ஆய்வாளனுக்கு அரண்.

இனி ஆய்வின் மையம். களவொழுக்கத்தில் வேட்கை முதல் சாக்காடு ஈறாகத் தொல்காப்பியம் காட்டும் ஒன்பது நிலைகளும் கடைசித் துண்டின் மாட்டு, ஒன்று நீங்கலாக, நிகழ்கின்றன. வேட்கை, காண்டல். ஒருதலை உள்ளுதல், வாய் நெய்யாறு அணையின் ஷட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருக்க உள்ளம் அத்துண்டையே நினைத்தல். மெலிதல், 'எனக்கு வயிறு நிறைஞ்சாச்சு' என்றல். ஆக்கம் செப்பல், ஆறினால் சீஸ் இறுகிச் சுவை கூடும் என்று இடையூற்றையே நன்மையாக நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ளுதல். நாணு வரை இறத்தல், அட்டைப்பெட்டியின் மூடியை மூடி மறுபடி திறத்தல். கண்ணில் படுவன எல்லாம் அதுவாகவே தோன்றும் நிலையில் மடித்த டிஷ்யூ தாளும், சாலையோர எச்சரிக்கைப் பலகையும் முக்கோணமாகித் துன்புறுத்தும். மறத்தல் நிகழ்ந்ததாகச் சான்றில்லை. எட்டாம் நிலையாகிய மயக்கமே விரித்துரைக்கத் தக்கது. இந்நிலையில் ஒருவர் கத்தியை எடுத்து, 'எனக்குப் பாதி போதும்' என்று துண்டை இரண்டாக்கிப் பாதியை உண்பார். எஞ்சிய பாதி இப்போது புதிய கடைசித் துண்டு. அதன் முன் அனைவரும் மீண்டும் வேட்கையிலிருந்து தொடங்குவர். அடுத்தவர் அதில் பாதி எடுப்பார். அதற்கடுத்தவர் அதில் பாதி. பன்னிரண்டு அங்குலப் பீட்சாவின் எட்டிலொரு துண்டு ஏறத்தாழ 14 சதுர அங்குலம். பத்து முறை இவ்வாறு பாதியாக்கினால் 1,024-இல் ஒரு பங்காகிய ஒன்பது சதுர மில்லிமீட்டர் தட்டில் நிற்கும். அதன்மேல் ஓர் ஆலிவ் வட்டத்தை வைக்க இயலாது. ஆயினும் அது கடைசித் துண்டே; அதன் எதிரிலும் விரல் தயங்கும். கிரேக்க மெய்யியலார் ஜீனோ ஓட்டக்காரனையும் ஆமையையும் வைத்து இதையே சொன்னார் என்றாலும், ஆமையை எவரும் 'அண்ணே, நீங்க எடுங்க' என்று உபசரிக்கவில்லை. எல்லைப்புறத்தில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. தமிழில் 'நீங்க எடுங்க' என்றவருக்கு மலையாளத்தில் 'சேட்டன் எடுத்தோளூ' என்று மறுமொழி வரும். ஒரு மொழியில் தீர்ந்த உபசாரம் மறுமொழியில் புதிதாகத் தொடங்கும். மாநில எல்லைகளைத் தீர்க்க 1953-இல் அமைத்த ஃபசல் அலி ஆணையம் மூன்றே உறுப்பினரோடு 1955-இல் அறிக்கை தந்துவிட்டது. ஒற்றசேகரமங்கலத்து மேசையில் எழுவர் இருந்தும் தீர்ப்பு இல்லை. ஒன்பதாம் நிலை சாக்காடு. சப்ளையர் வந்து 'எடுத்துரட்டா?' என்று கேட்பதும், எல்லாரும் ஒரே குரலில் 'எடுத்துக்கோங்க' என்பதும் அந்நிலை. அக்குழுவின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

உளவியலார் இதற்கு எளிய காரணம் சொல்லி நம் உழைப்பை வீணாக்கப் பார்ப்பர். லட்டானே, டார்லி இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனையில், புகை நுழைந்த அறையில் தனியே இருந்தவரில் 75 விழுக்காட்டினர் போய்ச் சொன்னார்கள். மூவர் மூவராக இருந்த குழுக்களிலோ 38 விழுக்காட்டில்தான் ஒருவராவது எழுந்தார். பிறர் வாளாவிருக்கக் கண்டால் ஆபத்து இல்லை என்றே தோன்றும் என்பது அவர்கள் முடிபு. கடைசித் துண்டும் அவ்வாறே என்று முடித்துவிடலாமா? முடிக்கலாகாது. புகையைக் கண்டவர் வாளாவிருந்தது, பிறர் வாளாவிருக்கக் கண்டு. துண்டைக் கண்டவர் வாளாவிருப்பது, தாம் வாளாவிருப்பதைப் பிறர் காணவேண்டும் என்று. காணாத இடத்தில் அவர் அப்படி இருப்பதில்லை. வீட்டுக் குளிர்பெட்டியில் எஞ்சிய துண்டு விடியலைக் கண்டதாக எந்தக் குடும்பத்திலும் பதிவில்லை. ஆகவே எஞ்சுதல் துண்டின் பண்பன்று, அவையின் பண்பு. திரைக்குப் பின்னிருந்து 'இதையெல்லாம் சாப்பாடு என்று சொல்வீர்களா' என எழுதிய கையே, மேசையில் தட்டை எதிராளி பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு ஒரு பொருள் வேண்டும். மன்னிப்பு என்று எவரும் வாய்விட்டுச் சொல்லார். தட்டு நகரும், அவ்வளவே.

இரு மறுப்புகள் எஞ்சுகின்றன. முதலாவது, பீட்சா அயல் உணவு, அதன்வழித் தமிழர் மலையாளியர் பண்பை அறிதல் பொருந்தாது என்பது. இந்தியாவில் இதன் பெருங்கடைகள் வந்தது 1996-இல்தான் என்பது மெய். மரச்சீனியோ தென்னமெரிக்கச் செடி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முனைந்தார். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. இவற்றையெல்லாம் கழித்து உண்ண முற்படுபவர் மிளகுத் தண்ணீரோடு எழ வேண்டியிருக்கும். இரண்டாவது, இவ்வளவு அற்பப் பொருளுக்கு இவ்வளவு நீண்ட கட்டுரையா என்பது. முல்லைப்பாட்டின் அடிகளை முன்பின்னாக மாற்றிக் கூட்டி நச்சினார்க்கினியர் பொருள் கண்டதும், அதை மறைமலையடிகள் கண்டித்ததும், கண்டித்ததைக் கண்டித்தும் ஆதரித்தும் பிறர் எழுதியதும் பொருள் பெரிதாக இருந்ததால் மட்டும் நிகழவில்லை. எழுதத் தெரிந்தவர் கூடியதால் நிகழ்ந்தது. முந்நூறு கட்டுரைகளை ஒரே தொகுதியில் அடைத்து, கருத்தரங்கு முடியுமுன்பே சான்றிதழ் வழங்கும் இக்காலத்தில், ஒரு துண்டுக்கு ஒரு கட்டுரை என்பது சிக்கனமே.

ஆய்வு முடிபு: கூடலின் பயன் உண்டல் அன்று, விட்டுக்கொடுத்தல்; விட்டுக்கொடுக்கத் தக்க பொருளை விலைக்கு விற்பது கடை. மேலாய்வுக்குரிய களம் ஒன்றைச் சுட்டி நிறுத்துவது மரபு. துண்டுக்கு 'நீங்க எடுங்க' என்ற எழுவரும் பில் வந்ததும் 'நான் எடுக்கிறேன்' என்கின்றனர். ஆயினும் எழுவர் கையும் பையை எட்டும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. ஜிபே வந்தபின் 'நெட்வொர்க் இல்லை' என்னும் பத்தாம் நிலையும் தோன்றியுள்ளது. இதைத் தனித் தொகுதியாக ஆராய நிதி நல்கை வேண்டப்படுகிறது. நல்கை தரும் நிறுவனம் எதுவாயினும், அதன் விருப்பத்துக்கேற்ப முடிபுகள் மாற்றித் தரப்படும்.